மேகந்திருடிக்குக் காரணம் கிடைத்த வாரம்

உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு செவலைக் காளை மிரண்டு வளையல் கடைக்குள் புகுந்து, கொம்பு நிறைய வளையலோடு வெளியே வந்ததே, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது இது. வருசம் எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு மாடும் மழையும்தான் வருசக் கணக்கு. அந்த வளையல் கடைக்காரர் மாட்டை அடிக்கவில்லை, திட்டவில்லை. "பாத்துப் போய்யா, ஒடஞ்சிரும், பாத்துப் போய்யா" என்று மாட்டிடம் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார். சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காளை எதைப் பார்த்து மிரண்டது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. இப்படித்தான் எனக்கு, எதிலும் உட்கார்ந்து நிம்மதியாகச் சிரிக்க முடியாது.

போன மாதம் மருமகன் என்னை மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சினிமாவுக்குக் கூட்டிப் போனார். பறக்கிற ஆட்கள் சண்டை போடுகிற படம். குளிர் அடிக்கிற தியேட்டர். வில்லன் ஊரையே இடித்துத் தள்ளுகிறான். பிறகு அவன் சின்ன வயதில் என்ன பட்டான், யார் அவனை ஏமாற்றினார்கள் என்று வெகுநேரம் காட்டுகிறார்கள். மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் மாமா அவன்" என்றார். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்தக் கட்டிடம் விழுந்தபோது கீழே தெருவில் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை ஓடினாள். அவள் பிழைத்தாளா என்று கடைசிவரை தேடினேன். காட்டவே இல்லை. "வாங்க மாமா, படம் முடிஞ்சிருச்சு" என்று மருமகன் எழுப்பினார். அப்போதுதான் அந்தப் பழைய கூடாரம் எனக்குள் திரும்ப எழுந்து நின்றது.

அந்தக் காலத்தில் நான், கூடாரம் அடித்துப் படம் காட்டுகிற டூரிங் கொட்டகையில் வேலை பார்த்தேன். ஒரு ஊரில் சில மாதம், பிறகு பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த ஊர். காலையில் ஒலிபெருக்கி கட்டிய மாட்டுவண்டியில் உட்கார்ந்து என்ன படம் என்று கத்திக்கொண்டு போவேன். நோட்டீசை வீசுவேன். அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆபரேட்டர் அண்ணன் வாசித்துச் சொல்லிவிடுவார், அதை அப்படியே மனதில் வைத்துக்கொள்வேன். குரல் மட்டும் நன்றாக இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் எனக்கு 'மைக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் கொட்டகை போட்டது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். ஊரில் ஒரே டிராக்டர் வைத்திருந்த நிறைய நிலமுள்ள பெரிய சம்சாரியின் தரிசு நிலம் அது. அதற்குப் பக்கத்தில் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு வீடு, ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் ஊர்க்காரர் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. நாங்கள் வெளியூர் ஆட்கள், அதனால் எடுத்தோம்.

அந்த வீட்டுக்காரரை 'மடை ஒடைச்சான்' என்றுதான் ஊரில் சொல்வார்கள். பல வருசத்துக்கு முன்பு, நெடுநாள் கழித்துக் கண்மாய் நிறைந்த ஒரு மழைக்காலத்தில், அவர் ஒரு இரவில் மடையை உடைத்துத் தண்ணீர் முழுவதையும் ஓடையில் போக விட்டுவிட்டாராம். ஊரெல்லாம் நட்ட நாற்று காய்ந்து போனது. அன்றிலிருந்து அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவதில்லை. இப்போது அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருமங்கலம் பக்கம். வீட்டுக்கு முன்னால் பந்தல் கால் நட்டிருந்தார்.

தண்ணீர் எடுக்கப் போன அன்றைக்கு அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள்: "அண்ணே, மாப்பிள்ளை வீட்டுல பெரியவுக, 'பொண்ணு ஊருலேர்ந்து எத்தன பேரு சாப்புட வருவாக'ன்னு கேட்டு விட்டுருக்காக. அப்பா 'ஊரே வரும்'னு சொல்லிட்டாரு. வெறும் பந்தலப் பாத்தா அவுக பொண்ண அழைச்சுக்கிட்டுப் போவாகளாண்ணே?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பந்தல் கால்கள் மட்டும் மனதில் நின்றுகொண்டே இருந்தன.

அந்த வாரம்தான் மதுரையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் படம் வந்தது. தமிழ்ப் படப் பெட்டி எதுவும் கிடைக்கவில்லை என்று முதலாளி இதைப் பிடித்து வந்துவிட்டார். பேச்செல்லாம் இங்கிலீசு. ஊரில் யார் வருவார்கள்?

"நீ மைக்கப் பிடிச்சுக் கதையச் சொல்லு. உன் கொரலுக்கு வருவாக" என்றார் முதலாளி.

"எனக்குத் தமிழே படிக்கத் தெரியாது மொதலாளி."

"எவன் படிக்கச் சொன்னது? படத்தப் பாத்துச் சொல்லு."

ஆபரேட்டர் அண்ணன் மதுரையில் அந்தப் படத்தைப் பார்த்தவர். கதையைச் சுருக்கமாகச் சொன்னார். தோளில் மஞ்சள் துண்டு போட்ட ஒருத்தன், கையை நீட்டினால் பறப்பான். அவன் நல்லவன். மலைக்குள் ஒரு தாடிக்காரன் இருக்கிறான். அவன் ஒரு மெசினை வைத்து மேகத்தை எல்லாம் உறிஞ்சிவிடுவான். உலகத்தில் மழையே கிடையாது. கடைசியில் மஞ்சள் துண்டு வந்து மெசினை உடைப்பான்.

"மேகத்த எதுக்குண்ணே திருடுறான்?"

"வில்லனுக்கு அதான்டா வேலை."

முதல் நாள் சாயங்காலம் மணலைக் குவித்து உட்கார்ந்த கூட்டத்துக்கு நான் அதைத்தான் சொன்னேன். தாடிக்காரனுக்கு 'மேகந்திருடி' என்று நானே பெயர் வைத்தேன். அவனுக்கு ஒரு சின்ன மகள். படத்தின் ஆரம்பத்தில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி மெசினை ஓட்டி விடுகிறான். கடைசிக்கு முன்னால், எங்கும் புழுதியும் வறட்சியுமாகி அந்த மகளே நாக்கு வறண்டு செத்துப் போகிறாள். அந்த இடத்தில் ஆண்கள் பக்கம் கைதட்டல். "கூலி குடுத்துட்டாருடா சாமி!" என்று ஒருத்தன் கத்தினான். ஆனால் நடுநடுவே ஒரே கேள்விதான் இருட்டுக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது. "எலேய் மைக்கு, மழைய நிப்பாட்டி அவனுக்கு என்னடா லாபம்?" மழைக்காக வானத்தைப் பார்த்தே கழுத்து நொந்த சனம் அது. மழையை ஒருத்தன் சும்மா நிறுத்துவான் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

மறுநாள்தான் அந்தத் தப்பு நடந்தது. படம் ஓட்டுகிற மிசின் ஒன்றே ஒன்று உள்ள கொட்டகையில், ஆட்டம் முடிந்ததும் ரீலை எல்லாம் திருப்பிச் சுற்றி அதது டப்பாவில் போட வேண்டும். ஆபரேட்டர் அண்ணனுக்கு அன்றைக்குப் பல்வலி. கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு சுற்றினார். இரண்டு ரீல் டப்பா மாறிவிட்டது. மகள் சாகிற ரீல் ஆரம்பத்திலேயே ஓடியது.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு திகைத்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டுகிறார், 'சமாளி' என்று. சமாளித்தேன். "பாருங்க, இந்த மனுசன் ஊருல மழை இல்ல. பெத்த புள்ள தண்ணியில்லாமச் சாகுது. கேட்ட எடத்துல எல்லாம் கதவச் சாத்திட்டாக" என்றேன். கதவு சாத்தியது நான் சேர்த்தது. பிறகு சாவகாசமாக, சிரிக்கிற மகளோடு அவன் மெசினை ஓட்டி விடுகிற ரீல் வந்தது. செத்த பிள்ளை எப்படித் திரும்ப வந்தது? தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய வாய்க்கு அது ஒரு கஷ்டமே இல்லை. "செத்த மகளை நெனச்சுப் பாக்குறாரு. என் புள்ளைக்கு வராத மழை இனி எவனுக்கும் வரக்கூடாதுங்குறாரு!"

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறார்கள். மேகந்திருடி 'அவன்' என்பதிலிருந்து 'அவரு' ஆனதை நானே பிறகுதான் கவனித்தேன். கடைசியில் மஞ்சள் துண்டு பறந்து வந்து அவரைக் குத்தியபோது, "பறக்கத் தெரிஞ்சவனுக்கு அன்னைக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கியாரத் தெரியலயாடா!" என்று ஒரு கிழவர் திரையைப் பார்த்து ஏசினார்.

அதற்கடுத்த நாள் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். ஆபரேட்டர் அண்ணன் ரீலைச் சரி பண்ணப் போனார். முதலாளி விடவில்லை. "தப்பா ஓடுறதுதான்யா நல்லா ஓடுது. அப்படியே ஓட்டு."

நான் டீக்கடைக்குப் போனால் பேச்செல்லாம் மேகந்திருடிதான்.

"நம்ம ஊருலயும் ஒருத்தன் இருக்கான்ல மேகந்திருடி, ஓடைக்கு அங்கிட்டு" என்றான் ஒரு இளவட்டம்.

"அவனுக்குத்தான் சாமி உடனே கூலி குடுத்துருச்சே. மடைய ஒடைச்சான், பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியாப் போய்ச் சேந்தா" என்றான் இன்னொருத்தன்.

பெஞ்சுக் கடைசியில் ஊருக்கு நீர் பாய்ச்சுகிற பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண்மாய் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "எது மாப்ள மொதல்ல?"

"என்னது எது?"

"மடை ஒடஞ்சது மொதல்லயா, அந்தப் பிள்ளைத்தாச்சி செத்தது மொதல்லயா?"

"மடைதான். அதுக்குத்தான கூலி."

"நீ பாத்தியா?"

"எல்லாரும் அப்படித்தான சொல்றாக."

"எல்லாரும் சொல்றாக" என்றார் பெரியவர். டீக்கடையில் அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ரோட்டைப் பார்த்தார்கள்.

அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும். மறுநாள் உச்சி வெயிலில் டிராக்டர்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"என் நெலத்துல நின்னுக்கிட்டு என் ஊருக்கே படம் காட்டுறியா?" என்றார் முதலாளியிடம். "படத்த எப்படி எடுத்தானோ அந்த வரிசையில ஓட்டு. இல்லையா, கொட்டகையப் பிரி."

"அண்ணே, இது வெள்ளைக்காரன் படம்ணே. இதுல உங்களுக்கு என்ன..."

"வரிசையா ஓட்டுன்னேன்."

முதலாளி தலையாட்டினார். அன்றைக்கு மாலை டிராக்டர்காரரே வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

படம் சரியான வரிசையில் ஓடியது. ஆரம்பத்திலேயே மகள் உயிரோடு, தோளில் சிரித்துக்கொண்டு.

"எலேய் மைக்கு! புள்ள உசுரோட இருக்கு, அதுக்குள்ள எதுக்குடா மெசின ஓட்டுறாரு?"

"ரீலு மாறிப் போச்சு! மாத்திப் போடு!"

நேற்று வரை தப்பாக ஓடியபோது ஒருவரும் கத்தவில்லை. இன்றைக்குச் சரியாக ஓடும்போது தப்பு என்று கத்துகிறார்கள். "இன்னைக்கு இப்படித்தான் ஓடுது" என்றேன். விசில் பறந்தது. மணலை அள்ளித் திரையில் எறிந்தார்கள். டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மகள் சாகிற ரீல் வந்தது. முன்னால் இருந்த அவருடைய ஆட்களில் ஒருத்தன் வேண்டுமென்றே கைதட்டினான். "கூலிடா, கூலி!"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயர மண்சுவர் இருக்கும், அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"கையத் தட்டாதீக."

ஆபரேட்டர் அண்ணன் என்ன நினைத்தாரோ, மிசினை நிறுத்திவிட்டார். விளக்கு எரிந்தது. எழுந்து நின்றது டிராக்டர்காரர் வீட்டு அம்மா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்துத்தான் பேசினார், யாரையும் பார்க்கவில்லை.

"அந்த மனுசன் டிராக்டரு கேட்டு வந்தப்ப வாசல்ல நின்னவ நான். பொண்டாட்டிக்கு வலி எடுத்து ரெண்டு நாளாச்சு, உசிலம்பட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்னு நின்னாரு. கண்மா நெறஞ்சு ஊரே சேத்துல தொழி உழுது நாத்து நட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. எங்க வீட்டு ஆளு, 'தொழி முடியட்டும், வாரேன்'னாரு. வண்டி மாட்டையும் ஒருத்தரும் அவுத்துக் குடுக்கல, எல்லா மாடும் சேத்துல கெடந்துச்சு. அந்தப் பிள்ளைத்தாச்சி பெரிய ரோட்டுக்கு உசுரோட போய்ச் சேரல. மடை ஒடஞ்சது அன்னைக்கு ராத்திரி. எனக்குத் தெரியும், எது மொதல்லன்னு. இங்கன இருக்கிற எல்லாத்துக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டிராக்டர்காரர் திரும்பவில்லை. "ஆபரேட்டரு, படத்தப் போடு" என்றார். மீதிப் படம் ஓடியது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். இங்கிலீசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை, உள்ளுக்குள் ஒரு குதூகலம். நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டது, அதில் என் குரலும் இருக்கிறது என்று. பிரித்து வண்டியில் ஏற்றியதும், மத்தியானம் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அந்தக் கிணற்றுக்குப் போனேன். மடையை உடைத்தவர் பந்தலுக்குத் தென்னங்கீற்று ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாளும் கொட்டகைக்கு வந்ததில்லை. ஆனால் எங்கள் ஒலிபெருக்கி அவர் வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. படத்தைப் பார்க்காமல், நான் சொன்ன கதை முழுவதையும் அந்த வாரம் பூராவும் கேட்டிருக்கிறார்.

"வாப்பா மைக்கு" என்றார்.

"அண்ணே, இனி ஊரு வரும்ணே. பாருங்க."

கீற்றைக் கீழே வைத்தார். "உன்னைய யாருப்பா எனக்குக் காரணம் சொல்லச் சொன்னது?"

"நான் படத்தத்தான்ணே சொன்னேன்..."

"அவுக செஞ்சதும் நெசம், நான் ஒடைச்சதும் நெசம். டிராக்டருக்காரர் பயிர் காஞ்சதுக்கு நான் வருத்தப்பட்டதே இல்ல, இனியும் படமாட்டேன். ஆனா வாய்க்காக் கடைசியில ஒரு அம்மா இருந்துச்சு. தாலி அறுத்தவ. கையகலத்துல ஒத்தக் குண்டு வயலத் தவிர ஒண்ணும் கெடையாது. அதுகிட்ட டிராக்டரும் இல்ல, மாடும் இல்ல. நான் போய்க் கேக்கவும் இல்ல, அது இல்லைன்னு சொல்லவும் இல்ல. அது நட்ட நாத்தும் சேந்துதான் காஞ்சது. ஊர விட்டுப் போயிருச்சு. மதுரை தல்லாகுளத்துல வீட்டு வேலை பாக்குதுன்னு சொன்னாக. அதுக்கு எந்த ரீலு மொதல்ல வந்தா என்ன? எப்படிப் பாத்தாலும் அதோட பயிர் காஞ்சதுதான்."

கயிறு கையில் இருந்தது, வாளியை இறக்கத் தோன்றவில்லை.

"இம்புட்டுச் சொன்னியே. இதையும் இன்னைக்குச் சாயங்காலம் மைக்குல சொல்லிரு. அந்தம்மா பயிர் காஞ்சதுக்கு என்கிட்ட ஒரு காரணமும் இல்லன்னு நானே சொன்னேன்னு சொல்லு. ஊரு வர்றதுன்னா அதக் கேட்டுட்டு வரட்டும். 'பாவம் மனுசன்'னுக்கிட்டு எவனும் என் பந்தல்ல உக்கார வேணாம்."

"மைக்கு வண்டியில ஏறிருச்சுண்ணே. கொட்டகையப் பிரிச்சாச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் கூடாரம் இருந்த இடத்தில் குழிகளும் மணலும்தான் இருந்தன. "சரி, பெறகு எப்பயாச்சும் சொல்லு" என்று கீற்றைத் தூக்கினார்.

அடுத்த நாள் விடியக்காலம் முகூர்த்தம். எங்கள் வண்டிகளும் அந்த நேரத்தில்தான் கிளம்பின. ஓடையைத் தாண்டும்போது எழுந்து நின்று பார்த்தேன். பந்தலில் ஆட்கள் இருந்தார்கள். நிறைய என்று சொல்ல முடியாது, வெறும் பந்தல் என்றும் சொல்ல முடியாது. நீர் பாய்ச்சுகிற பெரியவர் வாசலில் நின்று சந்தனக் கும்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி அந்த டிராக்டர் நின்றது. டிரெய்லரில் சமையல் அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. டிராக்டர்காரர் வீட்டு அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். டிராக்டர்காரர் இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் வெளியே வந்து அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை. எங்கள் வண்டி திரும்பிவிட்டது, அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மகளை மாப்பிள்ளை வீட்டார் சந்தோசமாக அழைத்துப் போனதாகப் பிறகு உசிலம்பட்டிச் சந்தையில் கேள்விப்பட்டேன்.

கொட்டகைத் தொழில் நொடித்துப் போன பிறகு மதுரைக்கு வந்து பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். சைக்கிளில் தல்லாகுளம் பக்கம் போகும்போதெல்லாம் வீட்டு வேலைக்குப் போகிற வயதான அம்மாக்களைப் பார்த்தால் இறங்கி, "உசிலம்பட்டிப் பக்கமா ஆத்தா?" என்று கேட்பேன். சிலர் ஆமாம் என்பார்கள். அவர்களுடைய ஊர் வேறாக இருக்கும். ஒரு அம்மா, "எதுக்குய்யா கேக்குற, பொண்ணு பாக்கவா?" என்று சிரித்தார். நான் தேடிய அம்மா கிடைக்கவில்லை. இத்தனை வருசத்துக்கு இருக்க மாட்டார். மகனோ மகளோ, யாராவது இருப்பார்கள்.

போன மாதம் அந்தப் பறக்கிற ஆட்கள் படம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மருமகன் கேட்டார்: "என்ன மாமா, படம் புடிக்கலையா?"

"அந்தத் தள்ளுவண்டிக்காரி என்ன ஆனா?" என்றேன்.

"எந்தத் தள்ளுவண்டிக்காரி?"

அவர் பார்க்கவே இல்லை. அவர் மேல் தப்பில்லை. வில்லன் அழும்போது எல்லார் கண்ணும் அவன் முகத்தில்தான் இருக்கும். நானும் அந்த வாரம் முழுக்க அப்படித்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது குரல் போய்விட்டது, பக்கத்து அறைக்கே கேட்பதில்லை. அதனால் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடம் சொல்லி வைக்கிறேன். இந்தக் கதையை நீங்கள் யாரிடமாவது சொன்னால், பிள்ளைத்தாச்சிப் பெண் செத்தது முதலில், மடை உடைந்தது பிறகு என்று வரிசை மாறாமல் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். வாய்க்கால் கடைசியில் ஒரு குண்டு வயல் இருந்தது, அதில் நட்ட நாற்று காய்ந்ததற்குத் தன்னிடம் ஒரு காரணமும் இல்லை என்று மடையை உடைத்தவரே சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தல்லாகுளம் பக்கம் யாராவது இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அந்த அம்மா வீட்டு ஆட்கள் யார் காதிலாவது விழட்டும்.